எந்த ரூட் வெளியே போகணும் என்பது நம் கையில்: இந்த லேயர் 3 சுவிட்ச் ஆறு மாதம் ஓடிய பிறகு

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஹெட் ஆபீஸ், பேட்டையில் குடோன், அம்பாசமுத்திரத்தில் அரிசி மில். மூன்று இடத்திலும் இதே 24 போர்ட் சுவிட்சைத்தான் போட்டேன். லேயர் 3 என்றால், ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியையும் (ரூட்) சுவிட்சே பார்த்துக்கொள்ளும். ஃபேன் இல்லாத மாடல். மில் ரேக்கைத் திறந்தால் விரல் தடம் பதிகிற அளவுக்கு மேல்மூடியில் தவிட்டுத் தூசி, ஆனால் ஒரு நாளும் ஹேங் ஆகவில்லை.

நான் சொல்ல வந்தது ஓஎஸ்பிஎஃப் பற்றி, அதாவது சுவிட்சுகள் தங்களுக்குத் தெரிந்த ரூட்டை ஒன்றுக்கொன்று தாமாகவே சொல்லிக்கொள்கிற முறை. கையால் எழுதிவைத்த பழைய ஸ்டாட்டிக் ரூட்டையெல்லாம் எடுத்துவிட்டு, வெப் பேஜில் 'ரீடிஸ்ட்ரிபியூட் கனெக்டட்' டிக்கைப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலையிலேயே முதலாளி அண்ணாச்சி போன்: "தம்பி, குடோன் கேமராவத் தொறந்தா மில்லுல்லா தெரியுது!" பக்கத்து கம்ப்யூட்டரில் குடோனேதான் தெரிகிறது. போய்ப் பார்த்தால், கேமரா மாட்டியவர் இரண்டு இடத்துக்கும் அதே 192.168.1.0/24 நெட்வொர்க், கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆருக்கும் அதே ஐபி கொடுத்திருக்கிறார். மில் கேமராவை மில்லுக்குள் மட்டும் பார்த்தவரை பிரச்சினை இல்லை. அந்த டிக், சுவிட்சோடு நேரடியாகச் சேர்ந்த எல்லா நெட்வொர்க்கையும் வெளியே சொல்லிவிடுகிறது. இரண்டு பக்கமிருந்தும் ஒரே காஸ்ட்டில் (வழிக்குப் போடுகிற மதிப்பு) வந்ததால் ஹெட் ஆபீஸ் சுவிட்ச் டிராஃபிக்கை இரண்டுக்கும் பிரித்து அனுப்பியிருக்கிறது.

சரி, எந்த நெட்வொர்க் போகலாம் என்கிற பிரிஃபிக்ஸ் லிஸ்ட் எழுதி, அதை ரூட் மேப்பில் (வடிகட்டுகிற விதி) கோத்து, ரீடிஸ்ட்ரிபியூட் வரியோடு சேர்த்தேன். மில்லில் 10.20.3.0/24 மட்டும் பெர்மிட், குடோனில் 10.20.2.0/24-உம் கேமரா நெட்வொர்க்கும். லிஸ்டில் இல்லாதது தானாகவே நின்றுவிடும். 10.20.0.0/16 என்று மொத்தமாக (/-க்குப் பின் எண் சிறிதானால் நெட்வொர்க் பெரிது) எழுதினால் அந்த /16 ரூட்டுக்கு மட்டும்தான் பொருந்தும், உள்ளே இருக்கிற /24 எல்லாம் வேண்டுமென்றால் 'எல்இ 24' (/24 வரை என்று அர்த்தம்) சேர்க்கணும். என்டர் தட்டிய கொஞ்ச நேரத்தில் ஹெட் ஆபீஸ் சுவிட்சின் ரூட் டேபிளில் 192.168.1.0-க்கு ஒரே வழி, பேட்டை பக்கம் மட்டும்.

ஹெட் ஆபீஸில், ரூட் உள்ளே வரும் பக்கத்திலேயே ஃபில்டர் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ரூட் அந்த ஒரு சுவிட்சின் டேபிளில் ஏறாது, அவ்வளவுதான். ஒரு ஏரியாவில் (ஓஎஸ்பிஎஃப் சுவிட்சுகளின் குழு) எல்லாரிடமும் ஒரே டேட்டாபேஸ் இருக்கணும் என்பதால் எல்எஸ்ஏ (ரூட் அறிவிப்பு) அடுத்த சுவிட்சுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். கிளம்புகிற இடத்திலேயே நிறுத்தணும். பாசிவ் இன்டர்ஃபேஸ் போட்டால் பக்கத்து சுவிட்சைத் தேடுகிற ஹலோ பாக்கெட்தான் நிற்கும், நெட்வொர்க் வெளியே போகத்தான் செய்யும். அப்புறம், கேமரா வீலேனை (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) ஓஎஸ்பிஎஃப்பின் நெட்வொர்க் கமாண்டில் சேர்த்துவிட்டால், ரீடிஸ்ட்ரிபியூட்டை மட்டும் வடிகட்டுகிற இந்த ரூட் மேப் அதைத் தொடவே தொடாது.

குறை என்றால் இரண்டு. பிரிஃபிக்ஸ் லிஸ்ட் வெப் பேஜில் கிடையாது, கமாண்ட் லைனில்தான் அடிக்கணும். அடித்ததைத் தனியாக சேவ் பண்ணணும், சேவ் பண்ணவில்லை என்று அது ஒரு வார்த்தை சொல்வதில்லை. அம்பாசமுத்திரத்தில் கரண்ட் போய் வந்தபோது மில் கேமரா மறுபடியும் ஹெட் ஆபீஸுக்கு வந்துவிட்டது. நான் பஸ் ஏறிப் போய்த் திரும்ப அடித்தேன்.

அப்படியிருந்தும் இந்த விலையில் ரூட் மேப் வரை தருகிற சுவிட்ச் என் கண்ணில் வேறு படவில்லை. கல்லிடைக்குறிச்சிக் கிளைக்கும் இதையே ஆர்டர் போட்டிருக்கிறேன், அங்கே கேமராவுக்கு முதல் நாளே தனி நெட்வொர்க்.