லாட் போட்டோ எங்கிருந்து வரவேண்டும்? ஜேஎஸ்எஃப் செயலிக்கு நான்கு வழிகள்

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றுக்குக் கொள்முதல் மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். போச்சம்பள்ளி, சந்தூர் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு பெங்களூரா மாம்பழ லோடுக்கும் (லாட்) எடைச் சீட்டும் ஒரு போட்டோவும் பதிவாக வேண்டும். ஜாவாவில் வலைப்பக்கம் கட்டும் ஜேஎஸ்எஃப், அதற்கான பாகங்களின் தொகுப்பு பிரைம்ஃபேசஸ், பின்னால் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். பட்டியல் பக்கத்தில் 40 லாட், வரிக்கு ஒரு படம். எழுத ஆரம்பித்ததுமே பலருக்கும் வரும் சிக்கல் ஒன்றுதான்: எல்லா வரியிலும் உடைந்த படக்குறி.

காரணம் எளிது. பக்கம் ஒரு கோரிக்கை, படம் வேறொரு கோரிக்கை. சர்வர் எச்டிஎம்எல்லை அனுப்பி முடித்த பிறகே பிரவுசர் ஒவ்வொரு படத்தையும் தனியாகக் கேட்கிறது. அப்போது பக்கத்தின் நிலையும் கிடையாது, அட்டவணையில் எந்த வரி என்று சொல்லும் வரி மாறியும் (வேரியபிள்) கிடையாது. கீழே வரும் நான்கு வழிகளும் இந்த இரண்டாவது கோரிக்கையை எப்படிச் சமாளிக்கின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன.

முதலில் பிரைம்ஃபேசஸின் கிராஃபிக்இமேஜ். கையில் ஏற்கெனவே இருப்பதால் எல்லோரும் எடுப்பது இதைத்தான். பக்கத்துக்குத் தரவு தரும் ஜாவா ஆப்ஜெக்டான பீன், தன் கெட்டர் மெத்தட் வழியாகப் படத்தைச் சுமக்கும் ஸ்ட்ரீம்ட்கன்டென்ட் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும். அந்த கெட்டர் இருமுறை அழைக்கப்படும்: பக்கம் வரையும்போது ஒருமுறை, படம் கேட்கப்படும்போது மறுமுறை. பழைய பதிப்புகளில், பக்கம் வரையப்படும் ரெண்டர் ரெஸ்பான்ஸ் கட்டமா என்று சோதித்து, அப்போது வெற்று ஸ்ட்ரீம்ட்கன்டென்ட்டைத் திருப்பிவிட்டு, அடுத்த அழைப்பில் மட்டும் படத்தைப் படிக்க வேண்டும். புதிய பதிப்புகளின் பில்டரில் ஸ்ட்ரீமை லாம்டாவாக (பிறகு ஓடும் சிறு ஃபங்ஷனாக) கொடுத்தால், தேவைப்படும் நேரத்தில்தான் அது ஓடும். அந்தக் கட்டச் சோதனை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் வரி மாறியை அந்த லாம்டாவுக்குள்ளும் நம்பக் கூடாது, இரண்டாவது கோரிக்கையில் அது நல் (மதிப்பே இல்லை). லாட் எண்ணை எஃப்:பாரம் என்ற ஜேஎஸ்எஃப் டேக் வழியாகப் படத்தின் முகவரியில் (யூஆர்எல்) சேர்த்து, பீனுக்குள் கோரிக்கையின் பாராமீட்டர் மேப்பிலிருந்து எடுக்க வேண்டும். பீன் வியூஸ்கோப்டாக (ஒரு பக்கத்தோடு மட்டும் வாழ்வதாக) இருந்தால் படக் கோரிக்கைக்குப் புதிய வெற்று பீன்தான் கிடைக்கும். ரிக்வெஸ்ட்ஸ்கோப்ட் (ஒரு கோரிக்கைக்கு மட்டும்) அல்லது அப்ளிகேஷன்ஸ்கோப்ட் (செயலி முழுவதற்கும்) போடுங்கள். பயனரின் செஷன் முழுதும் வாழும் செஷன்ஸ்கோப்டில் 'நடப்பு லாட்' என்று ஒன்றை வைத்தால், இரண்டு டேப் திறந்தவருக்கு ஒரு லாட்டின் படம் இன்னொன்றில் தெரியும். பணம் பேசும் இடத்தில் அது பெரிய தவறு.

இன்னொரு வரம்பும் உண்டு. படத்தின் முகவரியில் இருக்கும் சாவி செஷனில்தான் பதிவாகியிருக்கிறது. அந்த முகவரியை ஆலை உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவரிடம் திறக்காது. டாம்கேட் சர்வரில் செஷன் ஆயுள் இயல்பாக 30 நிமிடம். அது முடிந்தால் முகவரியும் செத்துவிடும். நிலையான இணைப்பு வேண்டும் என்றால் இந்த வழி ஆகாது.

இரண்டாவது, ஆம்னிஃபேசஸ் என்ற இன்னொரு ஜேஎஸ்எஃப் தொகுப்பின் கிராஃபிக்இமேஜ். இது இதே வேலையை நேர்த்தியாகச் செய்கிறது. மதிப்பாக ஒரு மெத்தட் அழைப்பையே எழுதலாம், லாட் எண் அதன் ஆர்க்யுமென்ட். அந்த எண் எழுத்தாக மாறி முகவரியில் ஏறும், படம் கேட்கும்போது மீண்டும் எண்ணாகி மெத்தடுக்குள் வரும். கட்டச் சோதனை வேண்டாம், எஃப்:பாரம் டேகும் வேண்டாம். பீனுக்கு கிராஃபிக்இமேஜ்பீன் குறியீடு (அனொடேஷன்) இருக்க வேண்டும், அல்லது அது அப்ளிகேஷன்ஸ்கோப்டாக இருக்க வேண்டும். லாஸ்ட்மாடிஃபைட் பண்பில் படம் மாறிய நேரத்தைக் கொடுத்தால் அது முகவரியிலேயே சேர்ந்துவிடும். படம் மாறினால் முகவரியும் மாறும், பிரவுசர் பழைய படத்தைக் காட்டாது. ஜேஎஸ்எஃப்புக்குள்ளேயே இருக்க விரும்பினால் என் தேர்வு இதுதான். முகவரியில் உள்ள எண்ணை யாரும் கையால் மாற்றலாம் என்பதால், இந்தப் பயனர் இந்த லாட்டைப் பார்க்கலாமா என்ற சோதனை மெத்தடுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

மூன்றாவது, பைட்டுகளை எழுத்தாக்கும் பேஸ்64 முறையில் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே படத்தை வைப்பது. இரண்டாவது கோரிக்கையே இல்லாததால் வியூஸ்கோப்ட் பீனிலும் வேலை செய்யும். பிரைம்ஃபேசஸில் ஸ்ட்ரீம் பண்பை ஃபால்ஸ் ஆக்கினால் போதும். 3 பைட் 4 எழுத்தாகிறது, எனவே அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். சர்வரில் ஜிசிப் சுருக்கம் போட்டிருந்தால் அந்தக் கூடுதல் வழியிலேயே பெரும்பாலும் கரைந்துவிடும், ஆகவே பலர் சொல்வதுபோல் அளவு பெரிய குறை இல்லை. உண்மையான குறை, படத்தைப் பிரவுசர் தனியாகச் சேமிக்க முடியாதது. 60 கேபி வீதம் 40 படம் என்றால் 2.4 எம்பி, அட்டவணை ஏஜாக்ஸில் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அத்தனையும் திரும்ப இறங்கும். அஞ்செட்டி மலைப்பக்கம் ஒற்றைக் கோடு சிக்னலில் லாட்டுக்காகக் காத்திருக்கும் ஏஜென்டுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. அப்லோட் செய்த உடனே, சேமிக்கும் முன் காட்டும் ஒற்றை முன்னோட்டத்துக்கு மட்டும் இது மிகப் பொருத்தம்.

நான்காவது, ஜேஎஸ்எஃப் இல்லாமல் கோரிக்கைக்கு நேராகப் பதில் தரும் ஜாவா வகுப்பு, அதாவது சாதாரண சர்வ்லெட். பட்டியல் பக்கத்துக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். ஒரு முகவரிப் பாதையின் கீழ் வரும் எல்லாவற்றையும் சர்வ்லெட்டுக்கு மேப் செய்து, பாதையிலிருந்து லாட் எண்ணை எடுத்து லாங்காக மாற்றுங்கள். மாறவில்லை என்றால் 404. அடுத்து உரிமைச் சோதனை. பிறகு படத்தின் மாற்ற நேரத்தை மட்டும் டேட்டாபேஸில் கேட்டு ஈடேக் (படத்தின் பதிப்பு அடையாளம்) உருவாக்குங்கள். பிரவுசர் அனுப்பும் இஃப்-நன்-மேட்ச் அதோடு ஒத்துப்போனால் 'மாறவில்லை' என்று மட்டும் சொல்லும், உள்ளடக்கம் இல்லாத 304 பதில் போதும், படத்தையே தொட வேண்டாம். ஒத்துப்போகாவிட்டால் கன்டென்ட்-டைப், கன்டென்ட்-லெங்த் வைத்து ஸ்ட்ரீமை நேராக வெளியே தள்ளுங்கள். கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் பிரைவேட், நோ-கேஷ் இரண்டும் வையுங்கள். நோ-கேஷ் என்றால் சேமிக்காதே என்றில்லை, ஒவ்வொரு முறையும் கேட்டுச் சரிபார் என்றுதான்.

இங்கே பலர் சறுக்கும் இடம் லாகின் ஃபில்டர். அது ஜேஎஸ்எஃப் பக்கங்களின் எக்ஸ்எச்டிஎம்எல் முடிவுள்ள முகவரிகளுக்கு மட்டும் மேப் ஆகியிருந்தால், சர்வ்லெட் வெளியே திறந்தே கிடக்கும்.

எந்த வழியானாலும் சேமிப்பில் கவனம் வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் ப்ளாப் நெடுவரிசை 65,535 பைட்தான் கொள்ளும். ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாவிட்டால் மீதியை வெட்டிவிடும், படத்தின் கீழ்ப்பாதி சாம்பலாகத் தெரியும். மீடியம்ப்ளாப் 16 எம்பி வரை தாங்கும். ஃபோல்டரில் வைப்பதானால் செயலியின் வார் (WAR) கோப்பு விரிந்த இடத்துக்குள் வைக்காதீர்கள், அடுத்த டிப்ளாய்மென்டில் எல்லாம் போய்விடும். செல்போன் படத்தை அப்படியே காட்டாமல், ஏற்றும்போதே 320 பிக்சல் அகலத்தில் ஒரு சிறுபடம் உருவாக்குங்கள். ஜாவாவின் இமேஜ்ஐஓ, போட்டோவுக்குள் இருக்கும் எக்ஸிஃப் திசைக்குறிப்பைக் கண்டுகொள்ளாது, நிமிர்த்தி எடுத்த போட்டோ படுத்துக் கிடக்கும். திருப்புவது உங்கள் வேலை. ஐஃபோனின் எச்இஐசி கோப்புக்கு இமேஜ்ஐஓவின் ரீட் மெத்தட் நல் தரும், அதையும் சோதித்துத் தெளிவான பிழைச்செய்தி காட்டுங்கள்.

சீசன் தொடங்கும் முன் இரண்டு சோதனை செய்துவிடுங்கள். பிரவுசரின் நெட்வொர்க் பட்டியலைத் திறந்து பக்கத்தை இரண்டாம் முறை ஏற்றினால் படங்கள் 304 ஆகவோ கேஷிலிருந்தோ வர வேண்டும். பிறகு ஒரு படத்தின் முகவரியை நகலெடுத்து, லாகின் செய்யாத தனி விண்டோவில் ஒட்டிப் பாருங்கள். படம் தெரிந்தால் உரிமைச் சோதனை எங்கோ விட்டுப்போயிருக்கிறது.