ஜீவனாம்சப் பிடித்தத்தில் தப்பு: கம்பெனியா, கோர்ட்டா, கலெக்டர் ஆபீசா?

குழந்தைக்குத் தகப்பன் மாதம் 6,000 ரூபாய் ஜீவனாம்சம் கட்ட வேண்டும் என்று கோர்ட் ஆணை. சம்பளமோ வாரா வாரம் சனிக்கிழமை. கணக்குப் பார்ப்பவர் ஆறாயிரத்தை நாலால் வகுத்து வாரம் 1,500 பிடிக்கிறார். பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஆனால் வருஷத்துக்கு 52 வாரம். பிடித்தது 78,000, ஆணைப்படி போக வேண்டியது 72,000. ஆறாயிரம் கூடுதலாகப் போயிருக்கிறது. வாரத்துக்கு ஏறக்குறைய 1,385 பிடித்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும்.

திருப்பூரில் சம்பளக் கணக்கு எழுதுகிறவன் நான். பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில், பல்லடம் சோமனூர் பக்கத்துத் தறிக்கூடம் என்று எங்கே பார்த்தாலும் இந்தத் தப்பு வருகிறது. பணம் பிடிக்கப்பட்டவர் அவசரத்தில் ஏதாவது ஒரு வாசலில் போய் நிற்கிறார், பெரும்பாலும் தவறான வாசலில். அப்புறம் மாசக்கணக்கில் அலைச்சல். நடுவில் குழந்தையின் பள்ளிக்கூட பீஸ் நின்றுபோகிறது. அதனால்தான் எந்த வாசல் எதற்கு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, தப்பு எங்கே பிறந்தது என்பது. ஆணையிலேயே தொகை தப்பா? ஆணை சரி, கம்பெனி போட்ட கணக்கு தப்பா? கணக்கும் சரி, பிடித்த பணம் போய்ச் சேரவில்லையா? இதற்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. விடைக்கு வேண்டியது இரண்டே காகிதம்: ஆணையின் சான்றிட்ட நகல், சம்பளச் சீட்டு. சீட்டு தருவது முதலாளியின் கடமை என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் தைப்பவரும் கேட்டு வாங்கலாம்.

ஆணை எந்தச் சட்டத்தில் வந்தது என்றும் பாருங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 20(6) பிரிவில், சம்பளத்தில் ஒரு பகுதியை நேராகக் கட்டும்படி முதலாளிக்கே நடுவர் உத்தரவிடலாம். சிவில் டிக்ரி, அதாவது சிவில் கோர்ட்டின் தீர்ப்பாணை என்றால், அதை நிறைவேற்றக் கேட்கும் மனு வழியாகச் சம்பள ஜப்தி வரும், சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி முதலாளிக்கு உத்தரவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, அதாவது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு, பெரும்பாலும் தகப்பனையே கட்டச் சொல்லும். பாக்கி விழுந்தால் வாரண்ட்.

கம்பெனியும் கோர்ட்டும்

கணக்குத் தப்புக்கு முதல் வாசல் கம்பெனிதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேகத்தில் இதற்கு இணை கிடையாது. எழுத்தில் கொடுத்தால் அடுத்த சம்பளத்திலேயே திருந்திவிடும். ஆனால் வாய்ப்பேச்சு உதவாது. “கோர்ட்டுல இருந்து வந்த கடுதாசிப்படிதானுங்க பிடிச்சோம்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அவர்களுக்கும் பயம் இருக்கிறது. ஜப்தி உத்தரவை மீறிச் சம்பளத்தை முழுசாகக் கொடுத்துவிட்டால் அந்தத் தொகைக்கு முதலாளியே பொறுப்பு. அதனால் “பிடிக்காதீர்கள்” என்று கேட்காமல், “ஆணையில் உள்ள தொகையை மட்டும் பிடியுங்கள்” என்று கேளுங்கள். 52 வாரக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி, ஆணை நகலையும் வைத்து, தேதி போட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

கம்பெனியால் முடியாதது ஒன்று உண்டு. கூடுதலாகப் பிடித்து, அந்தப் பணம் தாயின் கணக்குக்கோ கோர்ட்டுக்கோ போய்விட்டால் அதை அவர்கள் திருப்பித் தர முடியாது. அதற்கு ஆணை போட்ட கோர்ட்டுக்கே போக வேண்டும். கட்டியதும் கட்ட வேண்டியதும் ஒரு பட்டியலாக, ஒரு மனு. மிகுதியை இனி வரும் மாதங்களில் கழித்துக்கொள்ளக் கேட்கலாம். அதை ஒரே மாதத்தில் கேட்காமல், மாதம் 500 வீதம் கேளுங்கள் என்பேன். ஒரு மாதம் முழுசாக நின்றால் அங்கே அரிசி வாங்குவதே சிரமமாகிவிடும். தப்பு செய்தது குழந்தை அல்லவே.

கோர்ட் வழி மெதுவானது. வாய்தா, நோட்டீஸ், வக்கீல் பீஸ் எல்லாம் உண்டு. ஆனால் அங்கே பதிவாகும் கணக்கை அப்புறம் யாரும் மறுக்க முடியாது, கம்பெனி தரும் கடிதத்துக்கு அந்தப் பலம் இல்லை. வக்கீல் செலவுக்கும் வழியிருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமல்ல, ஆலைத் தொழிலாளிக்கும் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டம் 12-ஆம் பிரிவில் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுக்கலாம், 15100-க்கும் போன் செய்யலாம். மில்லில் வேலை பார்க்கும் பல ஆண்களுக்கு இது தெரியவே தெரியாது. வட்டிக்கு வாங்கி வக்கீல் வைக்கிறார்கள்.

தொகையே தாங்கவில்லை என்றால்

இது வேறு வழக்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதியை நம்பிய கம்பெனிகளுக்கு ஆர்டர் குறைந்தது. ஆர்டர் குறைந்தால் முதலில் போவது ஓவர்டைம். சம்பளம் இறங்கினாலும் ஆணையில் உள்ள தொகை தானாக இறங்காது. நிலைமை மாறியதைக் காட்டி அதே சன்ஹிதாவின் 146-ஆம் பிரிவில் மாற்றக் கேட்க வேண்டும். தாமதித்தால் அதற்குள் சேர்ந்த பாக்கி பாக்கியாகவே நிற்கும். விலைவாசி ஏறிவிட்டது, பிள்ளை பெரிய வகுப்புக்குப் போய்விட்டது என்று தாயும் இதே பிரிவில் கூட்டிக் கேட்கலாம்.

நிலைமை மாறவில்லை, ஆணையே அநியாயம் என்று நினைத்தால் மேலே போக வேண்டும். குடும்ப நீதிமன்றத்தின் 144 ஆணை என்றால் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு, அதாவது கீழ்க் கோர்ட் ஆணை சரியா என்று பார்க்கக் கேட்கும் மனு. குடும்ப வன்முறை வழக்கில் நடுவர் போட்ட ஆணை என்றால் செஷன்ஸ் கோர்ட்டில் 30 நாளுக்குள் மேல்முறையீடு. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம்காரர்கள் உயர் நீதிமன்றத்துக்குச் சென்னை போக வேண்டும், கரூர்காரர்கள் மதுரைக் கிளைக்கு. அந்தச் செலவையும் நாளையும் நினைத்தால், தொகை கொஞ்சம் கூட என்பதற்காக இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். 146 மனுவே மேல். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இருவரும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். இரண்டு வழக்குகளில் இரண்டு தொகை ஓடினால் ஒன்றை மற்றொன்றில் ஈடு செய்வதைப் பற்றியும் அதே தீர்ப்பு பேசுகிறது. முந்தைய ஆணையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தொழிலாளர் துறையும் கலெக்டர் ஆபீசும்

தொழிலாளர் துறைக்குக் கோர்ட் ஆணையைத் தொட அதிகாரமில்லை. ஆணைக்கு மேல் முதலாளி பிடித்திருந்தாலோ, பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருந்தாலோ அது அவர்கள் எல்லை. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கோரிக்கை மனுவுக்கு 3 வருஷம் வரை அவகாசம், பழைய சட்டத்தில் ஒரு வருஷம்தான். பாதியைத் தாண்டுவது எங்கள் பக்கம் எப்படி நடக்கிறது தெரியுமா? பி.எஃப்., இ.எஸ்.ஐ., அப்புறம் தீபாவளிக்கு வாங்கிய அட்வான்ஸ், அதன்மேல் ஜீவனாம்சம். அப்போது அட்வான்ஸ் தவணையைத்தான் தள்ளிப்போடச் சொல்ல வேண்டும். குழந்தையின் பணத்தில் கை வைக்கச் சொல்வது சட்டத்திலும் நிற்காது, மனசாட்சியிலும் நிற்காது.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். செலவில்லை, பெரிய அதிகாரியை நேரில் பார்த்த திருப்தியும் உண்டு. கோர்ட் ஆணையை மாற்றக் கலெக்டரால் முடியாது, நீதிமன்றத்தை அணுகுங்கள் என்றுதான் பதில் வரும். இந்த விஷயத்துக்கு அந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமாகப் போவது நல்லதுதான், கோர்ட் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் முடிந்தது, மேல்முறையீடு கிடையாது. பாக்கிக் கணக்கை இருவரும் ஒத்துக்கொண்ட பிறகே போங்கள்.

பணம் வந்து சேராத தாய்க்கு

கம்பெனி பிடித்ததாகச் சொல்கிறது, கணக்கில் பணம் இல்லை. தகப்பனோடு சண்டை போட்டுப் பயனில்லை, அவர் கையில் சீட்டு இருக்கும். கோர்ட்டில், பிடித்த தொகையை ஏன் கட்டவில்லை என்று முதலாளியைக் கேட்கச் சொல்லி மனு போட வேண்டும். 144-இல் பாக்கிக்கு வாரண்ட் கேட்பதற்கு ஒரு வருஷம்தான் எல்லை, ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது விழுந்த நாளிலிருந்து கணக்கு. “அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன் அம்மணி” என்ற வார்த்தையை நம்பிக் காத்திருந்து அந்த வருஷத்தைக் கடத்திவிடும் பெண்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

தகப்பன்மாருக்கு: ரொக்கமாக மாமனார் கையில் கொடுத்தேன் என்றால் நிரூபிக்க முடியாது. ஜிபேயில் அனுப்பும்போது குறிப்பில் ‘ஜீவனாம்சம், மார்ச்’ என்று எழுதுங்கள். பள்ளிக்கூட பீஸ் கட்டினேன் என்று நீங்களாகத் தொகையில் கழிக்காதீர்கள், ஆணையில் இருந்தால் மட்டுமே கழியும். வழக்கு முடியும்வரை தகராறில்லாத பகுதியைக் கட்டிக்கொண்டே இருங்கள். பிடித்தத்துக்குப் பயந்து வேலையை விட்டு அடுத்த மில்லுக்குப் போனால் ஆணை அங்கேயும் வரும், நடுவில் விட்ட மாதங்களுக்குப் பாக்கியும் சேர்ந்து வரும்.