சென்னை மேடைக்கு ஆம்ப் வேண்டாம், இந்தப் பெடல் போதும்

சென்னையில் மெட்டல் என்னும் கனமான ராக் இசையை வாசிக்கும் பேஸ் கிட்டார் கலைஞரின் கையில் பணம் சேர்ந்தால் முதலில் வாங்க வேண்டியது சத்தத்தைப் பெருக்கும் பெரிய ஆம்ப் அல்ல. டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டி.ஐ. பெடல்தான். கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவே காலடியில் வைக்கும் சிறு பெட்டி இது. நம் மேடைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் உடனே புரியும்.

மெட்டல் பேஸ் என்றதும் பலர் மனத்தில் வந்து நிற்பது ஆம்பெக் எஸ்.வி.டி. 1969-இல் வந்த 300 வாட் வால்வு ஆம்ப் அது. அதன் கீழே 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட பெட்டி, அதாவது கேபினெட். இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 100 கிலோ. மாடியில் இருக்கும் பயிற்சி அறையிலிருந்து அதை இறக்கி, குட்டியானையில் ஏற்றி, கல்லூரிக் கலைவிழாவில் அரை மணி நேரம் வாசித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவர எந்தக் குழுவுக்குக் கட்டுப்படியாகும்? வாடகை ஒலி அமைப்பில் கிடைப்பதோ கீபோர்டுக்கும் பொதுவான ஒரு ஸ்பீக்கர் பெட்டி. பல இடங்களில் அதுவும் இருக்காது. "தம்பி, நேரே மிக்ஸருக்கு லைன் கொடுத்துவிடுங்கள்" என்று சவுண்ட் அண்ணன் சொல்லிவிடுவார்.

வெறும் பேஸ் கிட்டாரை நேரே மிக்ஸரில் சொருகினால் தந்தியின் சொடுக்கு மட்டும் தனியாகக் கேட்கும், உடம்பு இருக்காது. இந்தப் பெடல் அந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. வால்வு ஆம்ப், கேபினெட், அதன் முன் வைத்த மைக் ஆகிய மூன்றும் சேர்ந்து தரும் சத்தத்தை உள்ளேயே உருவாக்கி, மைக் கேபிள் வழியாக நேரே மிக்ஸருக்கு அனுப்புகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பெடலின் சத்தத்தையும் கிட்டாரின் சொந்தச் சத்தத்தையும் கலக்கும் பிளெண்ட் குமிழ். ஐந்து தந்தி பேஸின் கீழ் பி தந்தி ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. சிறிய ஸ்பீக்கர்களால் அதைச் சரியாகக் கொடுக்கவே முடியாது. 62, 93 என்று மேலே எழும் துணை அதிர்வுகளைக் கொண்டுதான் காது அந்தச் சுரத்தைப் பிடிக்கிறது. டிஸ்டார்ஷன், அதாவது சத்தத்தை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது, அந்தத் துணை அதிர்வுகளைத் தூக்கிக் காட்டும். ஆனால் முழுக்க டிஸ்டார்ஷனாகிவிட்டால் அடித்தளம் கரைந்துவிடும். பிளெண்டைப் பாதிக்குச் சற்று மேலே வைத்தால் கிட்டாரின் சொந்தச் சத்தமும் கூடவே ஓடுகிறது. கரகரப்பைக் கூட்டும் டிரைவ் குமிழ் பாதி, சத்தத்தின் கூர்மையைக் கூட்டும் பிரசென்ஸ் குமிழ் அதற்கும் குறைவு. பிரசென்ஸை ஏற்ற ஏற்ற விரல் தந்தியில் உரசுவதெல்லாம் அரங்கம் முழுக்கக் கேட்கும்.

வாங்குவதென்றால் இரண்டாம் பதிப்பான வி2-வையே வாங்குங்கள். பழையதில் நடு அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் மிட் குமிழ் கிடையாது. தாழ்வாகச் சுருதி சேர்த்த இரண்டு கிட்டார்களுக்கும் இரட்டை கிக் டிரம்முக்கும் நடுவே பேஸுக்கு இடம் கிடைப்பது அந்த மிட்டில்தான். வி2-வில் அதை 500 ஹெர்ட்ஸிலோ 1000 ஹெர்ட்ஸிலோ ஏற்றலாம். விரலுக்குப் பதில் பிக் என்னும் சிறு தகட்டைக் கொண்டு வாசிப்பவர்கள் 1000-ஐ முயன்று பாருங்கள். வேகமான பகுதிகளில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெறிக்கும்.

மிக்ஸரில் 48 வோல்ட் பொத்தானை அழுத்தினால் மைக் கேபிள் வழியாகவே மின்சாரம் வந்துவிடுகிறது. ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு ஐந்து பேர் அடித்துக்கொள்ளும் மேடையில் இது எவ்வளவு பெரிய நிம்மதி! 9 வோல்ட் பேட்டரியிலும் ஓடும்.

சுருதி பார்க்கும் டியூனர், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரஸர் இரண்டும் இதில் இல்லை. அவற்றைத் தனியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இறக்குமதிச் சரக்கு என்பதால் விலையும் கையைக் கடிக்கும். இன்னொன்று, இதற்கு ஸ்பீக்கர் கிடையாது. டிரம்மருக்கும் உங்களுக்கும் மேடையில் உங்களை நோக்கி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் பேஸ் வேண்டும் என்பதை ஒலிச் சோதனையின்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். நிகழ்ச்சி தொடங்கிய பிறகு நீங்கள் கையசைப்பதை மிக்ஸர் பக்கம் யாரும் கவனிக்க மாட்டார்கள்.