சொரியாசிஸுக்கு செகுகினுமாப் ஊசி: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிபவை

செகுகினுமாப் தொடங்கியவர்கள் பாதியில் விடுவதற்கு ஊசி பயம் பெரும்பாலும் காரணமில்லை. செதில் உதிர்ந்து தோல் வழுவழுப்பானதும் ‘இந்த மாசம் தள்ளிப் போட்டா என்ன?’ என்று தோன்றும் பாருங்கள், சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 300 மி.கி. 0, 1, 2, 3, 4 ஆகிய வாரங்களில் போட்டுவிட்டு, பிறகு மாதம் ஒரு முறை. 150 மி.கி. பேனாவாக (மருந்து நிரப்பி வரும் பேனா வடிவ ஊசி) வாங்கினால் ஒவ்வொரு முறையும் 2. தொடக்கத்துக்கு மட்டுமே 10 பேனா. கை கடிக்கும் கட்டம் இதுதான். இதில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏற வேண்டிய வேகத்தில் ஏறாது. அதற்கும் முன்னால் காசநோய்க்கான மாண்டூ (தோலில் செய்வது) அல்லது ஐக்ரா (ரத்தத்தில் செய்வது), மார்பு எக்ஸ்ரே, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள் முடிந்திருக்க வேண்டும். உறங்கும் காசநோய் (அறிகுறி இல்லாமல் உடலில் பதுங்கியிருப்பது) தெரியவந்தால் முதலில் அதற்கு மாத்திரை.

பேனாவை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். ஃப்ரீசரை ஒட்டிய தட்டு வேண்டாம். உறைந்துபோனால் உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. போடுவதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். சில்லென்று போட்டால் எரியும். அவசரத்துக்கு வெந்நீரில் முக்குவதும், பேனாவைக் குலுக்குவதும் கூடாது. தொடை, அல்லது தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளிய வயிறு சரியான இடம். செதில் உள்ள இடத்தையும் போன முறை குத்திய இடத்தையும் தவிர்க்கவும். அழுத்தியதும் ஒரு ‘க்ளிக்’ கேட்கும். பலர் முடிந்துவிட்டதென்று அதிலேயே எடுத்துவிடுகிறார்கள், மருந்து தொடையில் வழிகிறது. அது தொடங்கியதற்கான சத்தம். இரண்டாவது க்ளிக் கேட்டு, பேனாவில் உள்ள சிறு ஜன்னல் முழுக்கப் பச்சை நிறம் நிரம்பி, அது நகராமல் நிற்கும்வரை அழுத்தியபடியே இருங்கள்.

திருப்தி விஷயத்தில் நம் நிறத் தோலுக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு. செதில் போன இடத்தில் கருப்பாகவோ வெளுப்பாகவோ தடம் மாதக்கணக்கில் நிற்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று சோர்ந்துவிடுவார்கள். விரலால் தடவிப் பாருங்கள்: தடிப்பும் சொரசொரப்பும் இல்லையென்றால் நோய் அடங்கிவிட்டது, மிச்சம் நிறம் மட்டுமே. நகம் இன்னும் மெதுவானது. வளர்ந்து மாறவே பல மாதம் பிடிக்கும். நோயின் தீவிரத்தைக் கணக்கிட டாக்டர் போடும் பாஸி மதிப்பெண்ணில் நகம் கணக்கில் வராது, உள்ளங்கையின் பங்கும் சொற்பம். மதிப்பெண் நன்றாக இருந்தும் கை வெடித்துச் சாவியைத் திருக முடியாதவர் இருப்பார். அந்தக் குறையை தோல் நோய் அன்றாட வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கும் டிஎல்க்யூஐ படிவத்தின் 10 கேள்விகளில் எழுதிக் கொடுப்பது நல்லது. எடை 90 கிலோவுக்கு மேல் இருந்து பலன் போதவில்லை என்றால் ஊசிகளுக்கு இடையிலான இடைவெளியைக் குறைப்பது பற்றியும் கேட்கலாம்.

நிறுத்தினால் உடனே திரும்புவதில்லை. மருந்து பாதியாகக் குறையவே சுமார் 27 நாள் ஆகும் என்பதால், முதல் ஒன்றிரண்டு மாதம் எதுவும் தெரியாமல் போகலாம். ‘குணமாகிவிட்டது’ என்ற நம்பிக்கை இதில் பிறப்பதுதான். பிறகு தலையிலோ முழங்கையிலோ, பழைய இடத்திலேயே, மெல்லத் தலைகாட்டும். மறுபடி தொடங்கினால் பலருக்கு அடங்கிவிடும், எல்லோருக்கும் பழைய அளவுக்கு அல்ல. செலவு கருதி அடாலிமுமாப் என்ற இன்னொரு ஊசியின் பயோசிமிலருக்கு (மூல மருந்தை ஒத்த, விலை குறைந்த பதிப்பு) மாறியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: 2 வாரத்துக்கு ஒரு முறை போடும் அந்த ஊசியில் விட்டுவிட்டுப் போட்டால், உடலே மருந்துக்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்கி அதைச் செல்லாக்காசாக்கும் வாய்ப்பு கூடுதல்.

காய்ச்சல், சளியுடன் நெஞ்சுக் கட்டு, சீழ்க்கட்டி என்றிருந்தால் ஊசியைத் தள்ளிப்போடுவது நியாயமே. டாக்டரிடம் கேட்டுத் தள்ளுங்கள். வாயில் வெள்ளைப் படிவு என்றால் அது காளான் தொற்றாக இருக்கலாம், பொதுவாகச் சுலபத்தில் சரியாகும். தீராத வயிற்றுப்போக்கோ மலத்தில் ரத்தமோ வந்தால் அடுத்த டோஸுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வெட்பாலைத் தைலம் தடவுபவர்கள் அதையும் மறைக்க வேண்டாம்.