திருச்சியில் சின்ன கேமரா வாங்கப் போய் 34,000 ரூபாய் போச்சு

ஆடிப்பெருக்கு முடிந்து மூன்று நாள் ஆகிறது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. செகண்ட் ஹேண்டில் காம்பேக்ட் கேமரா வாங்க நினைக்கும் டெல்டாக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். எனக்குப் போனது 34,000 ரூபாய்.

கும்பகோணத்தில் கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். கையில் நிக்கான் டி750 கேமரா, 24-120 ஜூம் லென்ஸ். இரண்டும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்கு மேல். மண்டபத்தில் அது சரி. பகவத் படித்துறையில் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள் முன்னால் அதைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, எனக்காகப் படம் எடுக்கும் மாதம் அது. சட்டைப் பையில் போகிற ஒரு கேமரா வேண்டும் என்று இரண்டு வருஷ ஆசை.

ரிக்கோ ஜிஆர் 3-இல் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) பெரிது, ஆனால் ஜூம் இல்லை, விலையும் எட்டவில்லை. கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2-இல் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. நம்மூர் மதிய வெயிலில் பின்திரையில் ஒன்றும் தெரியாது. கடைசியில் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 என்று முடிவு செய்தேன். 2014-இல் வந்த மாடல், 290 கிராம், 24-70 ஜூம், வெளிச்சம் குறைந்தாலும் எடுக்க எஃப்1.8 முதல் 2.8 வரை திறக்கும் லென்ஸ், மேலே எழும்பும் வியூஃபைண்டர். சென்சார் ஒரு இன்ச் வகைதான், படித்துறைக்கு அது போதும். இப்போதும் சொல்கிறேன், மாடலில் தப்பில்லை. தப்பு கடையில்.

பழைய கேமரா வாங்கி விற்கும் கடை. உரிமையாளர் உட்காரவைத்து டீ வரவழைத்தார். என் டி750-ஐ வாங்கித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, நீங்க வச்சிருக்கிற விதத்திலேயே தெரியுது, தொழில்காரர். உங்களை ஏமாத்த முடியுமா?” அந்த வார்த்தையில்தான் விழுந்தேன். சோனியில் ஒரு படம் எடுத்தேன். படத்தின் எண் 2143. “பாருங்க, மொத்தமே ரெண்டாயிரத்துச் சொச்சம் படம்தான் ஓடியிருக்கு.” நிக்கானில் எடுத்த ஜேபெக் ஃபைலிலேயே ஷட்டர் கவுன்ட், அதாவது அந்தக் கேமரா மொத்தம் எத்தனை படம் எடுத்தது என்ற கணக்கு, பதிந்திருக்கும். அதைப் பார்த்துப் பழகியவன், இதையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். சோனியில் தெரிந்தது வெறும் ஃபைல் எண். மெனுவில் ரீசெட் கொடுத்தால் ஒன்றிலிருந்து தொடங்கும், 9999 தாண்டினாலும் மறுபடி ஒன்றுதான். இருபதாயிரம் படம் ஓடிய கேமராவும் 2143 காட்டும். தினமும் கேமரா விற்கிறவருக்கு இது தெரியாதா?

கடைக் கணக்கில் லிமிட் முடிந்துவிட்டது என்று மச்சான் நம்பர் கொடுத்தார். 34,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டு. ஆறு மாத வாரண்டி என்றார், வாயால்.

மறுநாள் தாராசுரம் போனேன். லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்8-இல் வானத்தை எடுத்தால் நாலைந்து கறுப்புப் புள்ளிகள், சென்சாரில் தூசி. என் நிக்கான் மாதிரி டிஎஸ்எல்ஆர் என்றால் லென்ஸைக் கழற்றிச் சென்சாரைச் சுத்தம் செய்யலாம். இதில் லென்ஸ் கழலாது, கேமராவையே பிரிக்க வேண்டும். ஜூமை 70-க்கு இழுத்தால் படத்தின் இடதுபக்கம் மட்டும் மங்கல். எங்கேயோ கீழே விழுந்த கேமரா. பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணும் கேமராவில் இருப்பதும் வேறு வேறு.

ஆடி 18 காலை. காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துப் படைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, “எடுத்துக்கோப்பா” என்று அவரே சொன்னார். கேமராவை ஆன் செய்தேன். லென்ஸ் பாதி வந்து கரகரவென்று நின்றுவிட்டது. ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லித் திரையில் ஒரு வரி. பத்துத் தடவை செய்தேன். அதற்குள் அவர் படையலை ஆற்றில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தப் படம் இனி எனக்குக் கிடைக்காது.

அன்றைக்கே போன் செய்தேன். “நாளைக்குக் கொண்டாங்க தம்பி.” பஸ் ஏறிப் போனால், மெக்கானிக் சென்னை போயிருக்கிறாராம். கவுண்டரில் இருந்த பையன், “ஆத்து மணல் உள்ள போயிருக்கு, வாரண்டி வராது” என்கிறான். படித்துறை நிறையத் தண்ணீர் போகிறது, மணல் எங்கிருந்து வந்தது? பணத்தைக் கேட்டதற்கு உரிமையாளர், “மேல 9,000 போடுங்க, வேற கேமரா பாடி தர்றேன்” என்கிறார். இன்று காலையிலிருந்து போனையே எடுக்கவில்லை. 34,000 ரூபாய் என்பது வைகாசியில் நான்கு முகூர்த்தத்துக்குக் கண் விழித்து மிச்சம் பிடித்த காசு.

சோதித்து வாங்குவது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அந்த நிதானம் இல்லை. ஃபைல் எண்ணை நம்பாதீர்கள். கடைக்கு வெளியே வந்து எஃப்8-இல் வானத்தை எடுங்கள். ஜூமை முழுக்க இழுத்து எடுத்து நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். இருபது தடவை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், அடுத்தவர் நம்பருக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். எஸ்டிமேட் சீட்டும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் பத்திரமாக இருக்கின்றன. திங்கட்கிழமை போகிறேன்.