பழைய பேஸ் கிட்டாரைப் பழுதுபார்த்த பின்: எல்லாம் சரி, அந்த சி ஷார்ப் தவிர

பழைய எலெக்ட்ரிக் பேஸ் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, செலவழித்துச் சரிசெய்யலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். என்னுடைய எழுபதுகளின் பேஸைப் பழுதுபார்த்து வாங்கி, கச்சேரி, ரிக்கார்டிங் எல்லாவற்றிலும் வாசித்துப் பழகிவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேலையில் குறையே கிடையாது. நெக்கில் (விரல் வைத்து வாசிக்கும் கழுத்துப் பகுதி) தேய்ந்துபோன ஃப்ரெட்டுகள், அதாவது உலோகக் கட்டைகள், மாறின; நெக்கின் நுனியில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் நட் எலும்பில் புதிதாகச் செதுக்கப்பட்டது, நெக்கின் வளைவைச் சரிசெய்யும், இறுகிக் கிடந்த ட்ரஸ் ராட் இப்போது சொன்னபடி கேட்கிறது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்களை மாற்ற விடவில்லை, சுத்தம் மட்டும் செய்தார்கள், கரகரப்பு போய்விட்டது. பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் இருக்கும் எண்தான் பேஸின் ஜாதகம்: முதல் மூன்று இலக்கம் தயாரித்தவர், கடைசி இரண்டு வாரம், நடுவில் ஆண்டு. அதைத் தூக்கி எறிய யாருக்கு மனசு வரும்? பெயின்ட்டையும் தொட விடவில்லை.

ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்தான் பெரிய சந்தோஷம். 1957இல் ஃபெண்டர் நிறுவனத்தின் பிரசிஷன் பேஸில் வந்த அதே இரண்டு துண்டு அமைப்பு. ஒரு துண்டு ஈ, ஏ ஸ்ட்ரிங்குகளுக்கு, இன்னொன்று டி, ஜிக்கு. செத்துக் கிடந்த ஈ பக்கத்துத் துண்டுக்குக் கம்பி புதிதாகச் சுற்றியதும் ஃப்ரெட் எதையும் அழுத்தாமல் வாசிக்கும் ஓப்பன் ஈ, அந்த 41 ஹெர்ட்ஸ், நெஞ்சுக்குள் இறங்குகிறது. ஃபிளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய, வழவழப்பான) ஸ்ட்ரிங் போட்டு வாசித்தால் வேறெதுவும் வேண்டாம் என்றிருக்கும்.

அப்புறம் ஜி ஸ்ட்ரிங்கில் 6ஆம் ஃப்ரெட்டுக்குப் போவேன். சி ஷார்ப். அடித்ததும் வருகிறது, நிற்க மாட்டேன் என்கிறது. பக்கத்து ஸ்வரங்கள் நீண்டு ஒலிக்க, இது மட்டும் பொசுக்கென்று அடங்கிவிடுகிறது. ஃப்ரெட் புதிது, ஸ்ட்ரிங் புதிது, உயரமும் சரி. இதுதான் டெட் ஸ்பாட். நெக்குக்கும், அதன் நுனியில் ஸ்ட்ரிங்கை முறுக்கும் சாவிகள் இருக்கும் ஹெட்ஸ்டாக்குக்கும் சேர்த்து சொந்தமாக ஓர் அதிர்வெண் உண்டு. வாசிக்கும் ஸ்வரம் அதன் பக்கத்தில் விழுந்தால், ஸ்ட்ரிங்கின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொள்கிறது. நீண்ட மர நெக்கைத் திருகி மாட்டிய பேஸ்களில் ஜி ஸ்ட்ரிங்கின் 5 முதல் 7ஆம் ஃப்ரெட் வரை இது சகஜம். மரத்தின் குணம், எந்த ரிப்பேரும் இதைத் தீர்க்காது.

ஹெட்ஸ்டாக்கில் எடையான கிளாம்ப் மாட்டிப் பார்த்தேன். எடை கூடினால் அதிர்வெண் இறங்கும், டெட் ஸ்பாட்டும் நகரும். நகர்ந்தது. சி ஷார்ப் உயிர்பெற்றது, 5ஆம் ஃப்ரெட்டின் சி மங்கிவிட்டது! சி இல்லாமல் எத்தனை பாட்டு வாசிப்பது? கிளாம்ப்பைக் கழற்றிவிட்டேன். டி ஸ்ட்ரிங்கின் 11ஆம் ஃப்ரெட்டில் அதே சி ஷார்ப் நன்றாக நிற்கிறது. ஆனால் ஒலி தடித்திருக்கும், கையும் அவ்வளவு தூரம் தாவ வேண்டும். வேகமான பாட்டில் யாருக்கும் தெரியாது. நேற்று வாசித்ததோ மெதுவான பாட்டு, கடைசி ஸ்வரம் சி ஷார்ப்.

அதனால் நண்பருக்கு என் பதில்: வேண்டாம், புதிதாக ஒன்று வாங்குங்கள். இல்லை, சரிசெய்தே தீருவேன் என்றால், காசு கொடுக்கும் முன் ஆம்பில் போடாமலே ஜி ஸ்ட்ரிங்கில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி, ஒலி தானாக அடங்கும்வரை கேளுங்கள். என்னுடையதை விலைக்குத் தருவீர்களா என்றும் கேட்டிருக்கிறார். தர மாட்டேன்.