வியட்நாம் மாஞ்சியம்: சில்லுக்கு ஐந்து வருடமா, பலகைக்குப் பத்து வருடமா?

வியட்நாமின் நடுப்பகுதியில், குவாங் ட்ரி, ஹுவே பக்கத்து மலைச்சரிவுகளில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே மரம்தான். உள்ளூரில் 'கியோ லாய்' என்கிறார்கள். அகேசியா வகை மரங்களான மாஞ்சியமும் கத்திசவுக்கும் கலந்து பிறந்தது. மாஞ்சியம் என்றதும் 1990களில் நம் பத்திரிகைகளில் வந்த, பணம் கட்டினால் மரம் வளர்த்துப் பல மடங்காகத் தருகிறோம் என்ற தேக்குத் திட்ட விளம்பரங்கள் ஞாபகம் வந்தால், அதை ஓரமாக வையுங்கள். இங்கே பெரும்பாலும் ஓரிரண்டு ஹெக்டேர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள்தான் மரத்தை உண்மையிலேயே வளர்த்து, வெட்டி, விற்கிறார்கள்.

இந்தக் கலப்பு மரம் முதலில் கவனிக்கப்பட்டது மலேசியாவின் சபாவில், 1970களில். வியட்நாமில் ஹனோய்க்கு அருகே பா வி என்ற இடத்தில் 1990களில் நல்ல மரங்களாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். நல்ல நிலத்தில் ஹெக்டேருக்கு வருடம் 20 கன மீட்டர் மரம் சேரும். ஆக, வளருமா என்பது கேள்வியே இல்லை. எப்போது வெட்டுவது என்பதுதான் கேள்வி.

முதல் வழி, ஐந்து வருடம். ஹெக்டேருக்கு 2,000க்கு மேல் நெருக்கி நட்டு, ஐந்தாம் வருடம் மொத்தமாக வெட்டி, பட்டை உரித்து, மரத்தைச் சிறு சில்லுகளாக நறுக்கும் ஆலைக்கு அனுப்புவது. சில்லு கப்பலேறி சீனாவுக்கும் ஜப்பானுக்கும் காகிதக் கூழ் செய்யப் போகிறது. மரச்சில்லு ஏற்றுமதியில் வியட்நாம் உலகின் முன்னணி நாடு. ஆலை கோணல் மரத்தையும் தள்ளுவதில்லை, ஒல்லி மரத்தையும் தள்ளுவதில்லை. வியாபாரி தோட்டத்துக்கே வந்து மரம் நிற்கும்போதே விலை பேசிவிடுவார்.

இரண்டாவது வழி, பத்து வருடம் அல்லது அதற்கும் மேல். மரம் ரம்பத்துக்குப் போகும். அப்புறம் ஐரோப்பியத் தோட்டங்களில் மேசை நாற்காலியாக உட்காரும். டன்னுக்கு விலை கணிசமாகக் கூடுதல். காட்டைப் பொறுப்பாகப் பராமரிக்கிறார்கள் என்று சொல்லும் சர்வதேச எஃப்.எஸ்.சி. சான்றிதழ் இருந்தால் இன்னும் கொஞ்சம் சேரும். குவாங் ட்ரியில் சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து 2010லேயே அதை வாங்கிவிட்டார்கள். ஆனால் பத்து வருட மரத்திலும் நுனியும் ஒல்லித் துண்டுகளும் சில்லுக்குத்தான் போகும். ஏக்கர் முழுக்கப் பலகை விலையில் பெருக்கிப் பார்ப்பது வெறும் காகிதக் கணக்கு.

பலர் இடறுவது ஒரு இடத்தில்தான். ஐந்து வருடத் தோட்டத்தை வெட்டாமல் இன்னும் ஐந்து வருடம் விட்டுவைத்தால் பலகை மரம் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். கிடைக்காது. நெருக்கி நட்ட தோட்டத்தில் சீக்கிரமே மேலே இலை மூடிக்கொள்ளும். மரம் வெளிச்சம் தேடி உயரும், பருக்காது. பலகைக்கு என்றால் நடும்போதே இடைவெளி விட்டு, இரண்டு மூன்று வருடத்தில் சரிபாதியை வெட்டிக் கலைத்துவிட வேண்டும், ஹெக்டேருக்கு 600 மரம் போல நிற்கும்படி. நன்றாக வளரும் மரத்தை வெட்டி வீழ்த்த எந்த விவசாயிக்கும் கை வராது. கவாத்தும் அப்படியே: கிளை விரல் தடிமனில் இருக்கும்போதே எடுக்க வேண்டும். தடித்த பிறகு வெட்டினால் காயத்தின் வழியே பூஞ்சை புகுந்து, வைரம் பாய வேண்டிய இடம் அழுகிவிடும். தாய் மரமான மாஞ்சியத்துக்கு இந்த உள்ளழுகல் பெரிய தொல்லை.

சரி, இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் புயல் இருக்கிறது. 2020 அக்டோபரில் மொலாவே புயல் நடுப்பகுதியைத் தாக்கியது. 2024 செப்டம்பரில் யாகி வடக்கே குவாங் நிங் மாகாணத்தில் தோட்டம் தோட்டமாகச் சாய்த்தது. வெட்டுக்கு முந்தைய வருடம் புயல் வந்தால், ஐந்து வருடத் தோட்டக்காரருக்கு நஷ்டம் நான்கு வருடம். பத்து வருடக்காரருக்கு ஒன்பது. கலைத்துவிட்ட புதிதில் மரங்கள் காற்றுக்கு இன்னும் எளிதாக இரையாகும். நடுவில் பிள்ளையின் படிப்பு, வீட்டில் ஒரு கல்யாணம் என்று பணமும் தேவைப்படும். அதனால் ஐந்து வருடத்தில் வெட்டுபவரை அவசரக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன்.

மண்ணின் பக்கம் பார்த்தால் பத்து வருடமே மேல். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சரிவை மொட்டையடித்து, கழிவைக் கொளுத்தி, மழைக்குத் திறந்துவிட்டால் மேல்மண் ஓடிவிடும். வேர் முடிச்சுகள் நைட்ரஜனைச் சேர்த்துத் தரும், ஆனால் பாஸ்பரஸைத் தராது.

என்னைக் கேட்டால், இரண்டு ஹெக்டேர் இருப்பவர் கடல் காற்று நேராக மோதும் சரிவில் சில்லுக்கே நடட்டும். மலை மறைக்கும் பள்ளத்துப் பாதியை மட்டும் பலகைக்கு ஒதுக்கட்டும். மூன்றாம் வருடம் அரிவாளோடு உள்ளே இறங்கிக் கலைக்க மனம் வராவிட்டால், அந்தப் பாதியையும் ஐந்தாம் வருடமே வியாபாரியிடம் பேசி முடித்துவிடலாம்.